ஆறாவது தூண் வரை

பள்ளத்தூர் வீட்டில் எங்கள் பங்கு
ஒரு ரெட்டை அறை, ஓர் அடுப்படி,
வளவின் காற்றில் ஏழில் ஒரு பாகம்.
இங்கே ஸ்பீக்கர் வைத்தால்
வயலின் நேராகக் காதுக்கு வராது.
மேல்கூரை வரை போய், எதிர்ச்சாரியில் முட்டி,
சோலையப்பன் பெண்சாதியின் தலைவலியாகத்
திரும்பி வரும்.

அதனால்தான் வாங்கினேன்,
காதை முழுக்க மூடும் கறுப்பு ஹெட்ஃபோன்.
"முப்பது மணி நேரம் தாங்கும் சார்,
பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது" என்றான்
காரைக்குடிக் கடைப்பையன்.
உண்ணாமலை பெட்டியைத் திருப்பி விலையைப் பார்த்தாள்.
"எனக்குத் தெரிஞ்சுது, இடி விழுந்தது" என்றாள்.

மாட்டியதும் ஒரு பெண்குரல்
ஆங்கிலத்தில் ஏதோ இணைந்ததாகச் சொல்லும்.
ஒருமுறை வாய்தவறி "சரிம்மா" என்றுவிட்டேன்.
யாருக்குச் சரி என்று
அடுப்படியிலிருந்து விசாரணை வந்தது.

சித்திரையில் இரண்டு காதும்
குழிப்பணியாரமாய் வேகும்.
மெத்தைத் தோல் உரிந்து
வெள்ளைச் சட்டைத் தோளில்
எள் இறைத்த மாதிரி கிடக்கும்.
போனை அறையில் விட்டு நடந்தால்
ஆறாவது தூண் வரை பாட்டு கூடவே வரும்.
ஏழாவதில் நொண்டும்.
இரண்டாம் கட்டு நிலைப்படியில் கால் வைத்ததும்
பாதி ஆலாபனையில்
அறுந்த பட்டம்.
பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த மரம்,
இந்தச் சங்கதியெல்லாம் அதற்குப் பிடிபடவில்லை போலும்.

வலப்பக்கம் ஒரு பொத்தான்.
அமுக்கினால் மின்விசிறி போய்விடும்.
அடுத்த பங்கின் டிவி போய்விடும்.
புறாக்களுக்குத் தொண்டை மட்டும் உப்பும்.
உண்ணாமலையும் போய்விடுவாள்,
முருங்கைக்கீரை உருவும் விரல்களை
எதிரே விட்டுவிட்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை பேட்டரி தீர்ந்தது.
(முதல் நாளே எச்சரித்தாள் அந்த ஆங்கிலப் பெண்.)
கழற்றச் சோம்பலாக இருந்தது, உட்கார்ந்திருந்தேன்.
பஞ்சுக்கு அப்பால்
கிணற்றுக்குள்ளிருந்து போல ஒரு குரல்
பேசிக்கொண்டிருந்தது, என்னிடம்தான்.

"தேவகோட்டைச் சீட்டுல பன்னிரண்டாயிரம் போச்சு.
சொல்லல.
இந்தப் பச்சைச் சேலை எனக்குப் பிடிக்காது,
நீங்க எடுத்தது.
ஒரு தரம் யாருக்கும் சொல்லாம
ராமேஸ்வரம் ரயில்ல ஏறி
மானாமதுரையில இறங்கிட்டேன்.
ஒரு டீ குடிச்சேன். திரும்பி வந்துட்டேன்.
ஸ்கேன் எடுக்கப் போனமே, அன்னிக்கு
வெளிய உக்காந்து பேப்பர் படிச்சீங்க.
முக்கா மணி நேரம், ஒரே பக்கத்த.
கதவிடுக்குல பாத்தேன்."

நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்,
தாளத்துக்கு ஆட்டுவதைப் போல.
சில இடங்களில்
தாளம் தப்பியிருக்கும்.

அதற்குப் பிறகு சார்ஜ் போடவில்லை.
புதன், வியாழன், வெள்ளி,
செத்த கருவியை மாட்டிக்கொண்டு
தொடையில் தட்டினேன்.
மானாமதுரையில் ஏன் இறங்கினாய்,
டீ எப்படி இருந்தது?
கேட்க முடியவில்லை.
கேட்டால்
கேட்டது தெரிந்துவிடும்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தாள்,
கையில் சார்ஜர் வயர்.
"இதுல நீல விளக்கு எரிஞ்சு நாலு நாளாச்சு" என்றாள்,
பாலுக்குக் கணக்குச் சொல்கிற அதே குரலில்.
செருகினாள். இரண்டு மணி நேரம்
நாங்கள் இருவரும் அந்தச் சிவப்புப் புள்ளிக்கு
மரியாதையாக வாய்மூடி இருந்தோம்.

பிறகு அவளே எடுத்து என் தலையில் மாட்டினாள்,
இடம் வலம் சரியாகப் பார்த்து.
"இன்னிக்கு நான் பேசப்போறது உங்களுக்கில்ல.
பாட்டைக் கேளுங்க."
பொத்தானையும் அவளே அமுக்கினாள்.

விசிறி போனது. புறா போனது.
மோகனம் வந்தது.
அவள் தூணைப் பார்த்து ஏதோ சொன்னாள்,
சிரித்தாள், விரல்விட்டு எதையோ எண்ணினாள்,
பேசிக்கொண்டே நடந்து
ஆறாவது தூணைத் தாண்டினாள்,
ஏழாவதையும்.

போன் என் மடியில்தான் இருந்தது.
பாட்டு ஓரிடத்திலும் அறுபடவில்லை.