பத்தொன்பதாம் வளைவு

மெர்சலின் மலையிலிருந்து இறங்கி வருபவள்.
முதல் பீரியடு பாதி போன பிறகுதான் நுழைவாள்,
ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணித்தபடி.
அன்று பலகையில்
ஃபார் லூப் எழுதிக்கொண்டிருந்தேன்:
ரேஞ்ச், ஒன்று கமா இருபது.
ஒன்றிலிருந்து இருபது வரை அச்சிடும் என்றேன்.
மூன்று வருடமாக அப்படித்தான் சொல்கிறேன்.

"இருபது வராது மிஸ்."

கோரிமேட்டு வெயில்
கடைசி பெஞ்சு வரை வந்து உட்கார்ந்திருந்தது.
வரும் என்றேன்.

"அப்படீன்னா பாருங்க மிஸ்,
பஸ்ஸு பத்தொம்பதாவது கொண்டை ஊசியிலயே நின்னுடும்.
எங்க வீடு இருபதுக்கு மேல."

வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

லேப் சாவி தலைமையாசிரியர் பீரோவில்.
தூசி போகுமென்று செருப்பைக் கழற்றச் சொல்வோம்;
பத்துக் கணினியில் நான்குதான் கண் விழிக்கும்.
அவளை உட்காரவைத்துப் பின்னால் நின்றேன்.
எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின,
பதினேழு
பதினெட்டு
பத்தொன்பது
அதற்குக் கீழே கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது.

நான் படித்தபோது ஒரு கணினிக்கு ஐந்து பேர்.
விசைப்பலகை பையன்களுக்கு,
ரெக்கார்டு நோட்டு எங்களுக்கு.
"உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்பார்கள்.
பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.
அதே கையெழுத்தில் பட்டம், பி.எட்., வேலை.
என் நிரல்களெல்லாம் தாளில் ஓடியவை.
தாள் பிழை காட்டாது.

பைதான் வந்த வருடம் ஐந்து நாள் பயிற்சி.
இரண்டாம் நாளே புரொஜெக்டர் பல்பு போனது.
போண்டா நன்றாக இருந்தது.
சான்றிதழில் என் இனிஷியல் தப்பு.

மறுநாள் பலகையில் இருபதை அழித்தேன்.
இருபத்தொன்று.
"இத்தனை நாள் நான் சொன்னது தப்பு" என்றேன்,
பலகையைப் பார்த்தபடி அல்ல, அவர்களைப் பார்த்து.
யாரும் சிரிக்கவில்லை.
அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன்:
மூன்று பேட்ச், நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.
அத்தனை பேரையும் பத்தொன்பதாம் வளைவில்
இறக்கிவிட்டு விசிலடித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, நான்கு ரோட்டுத் துணிக்கடை.
பில் போடும் இடத்தில் சௌடேஸ்வரி,
முதல் பேட்ச்.
விரல்கள் பார்க்காமலேயே அடிக்கின்றன.
என் பின்னால் வரிசை நீள்கிறது.
சொல்லிவிட்டேன்,
லைனிங் துணிக்கும் இரண்டு துண்டுக்கும் நடுவே.

ரசீதைக் கிழித்து நீட்டினாள்.
"தெரியும் மிஸ். அப்பவே எங்கண்ணன் போன்ல
ஓட்டிப் பாத்துட்டேன். இருபத்தொண்ணு."
"ஏன்டி சொல்லல?"

"அரையாண்டுத் தாள நீங்கதான மிஸ் திருத்துனீங்க."
பிறகு, அடுத்த ஆளின் துணியை இழுத்துக்கொண்டே,
"பை வேணுமா மிஸ்?"