திரும்பி வந்த பச்சை

ஓத்ரா ஆற்றுக்குக் கிழக்கே,
பீட்ரூட் வயல் முடிகிற இடத்தில்
ஜன்னலே இல்லாத ஒரு கிடங்கு.
மேற்கிலிருந்து லாரிகள் வந்தபடி இருக்கும்.
பெர்லினில் பிடிக்காதது, ஹாம்பர்க்கில் இறுக்கியது,
கொலோனில் கண்ணாடி முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கழற்றியது.
போன மச்சான் திரும்பி வந்த கதைதான்.
பூமணம் மட்டும் கிடையாது.

யாகோதாவுக்கு ஒரு துணிக்கு நாற்பது நொடி.
பிரி. உதறு. அக்குளை முகர்.
விலைச்சீட்டு இருக்கிறதா பார்.
பைக்குள் கைவிடு.
பைகளில் அவள் கண்டவை:
டிராம் டிக்கெட், பாதி மிட்டாய்,
ஒருமுறை ஒரு பால்பல்.
சீட்டை உள்ளே மடித்து ஊக்கு குத்தி
ஒரு ராத்திரி ஆடிவிட்டுத்
திங்கட்கிழமை அனுப்பிவிடுகிறார்கள்.
மூக்குக்குத் தெரியும்.
மூக்கு யாரிடமும் சொல்வதில்லை.

அந்தப் பச்சை கவுன்
அக்டோபரில் முதல் தடவை வந்தது.
காரணக் கட்டத்தில், ‘படத்தில் நிறம் வேறு.’
மடித்தாள். புது உறை, புது ஸ்டிக்கர்.
நவம்பரில், ‘வயசானவள்போல் காட்டுகிறது.’
டிசம்பரில் காரணமே இல்லை;
இடது மணிக்கட்டில் ஒரு பொத்தான்
ஒற்றை நூலில் தொங்கியது.

பொத்தான் போனால் மூன்றாம் தரம்.
மூன்றாம் தரத்துக்கு நீலக் கூண்டு.
நீலக் கூண்டு எங்கே போகிறது என்று கேட்டால்
‘மெத்தைக்குள்’ என்பான் மேற்பார்வை ஸ்வாவெக்.
இன்னொரு நாள் கேட்டால் ‘சிமென்ட் சூளைக்கு.’
தைக்க இரண்டு நிமிடம் ஆகும்.
இரண்டு நிமிடக் கூலி கட்டுப்படியாகாதாம்.
கணக்குச் சரிதான்.
கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது.

கழிப்பறைக்குள் கொண்டுபோய்த் தைத்தாள்.
பச்சை நூல் இல்லை.
தன் கோட்டுக்கென்று வைத்திருந்த சிவப்பு நூல்தான்.
பதினோரு குளிர்காலம் பார்த்த கோட்டு அது:
ஜிப்பு மூன்றாவது,
உள்துணி இரண்டாவது,
கோட்டு மட்டும் முதலாவது.

பிப்ரவரியில் மறுபடி வந்தது. ‘கொஞ்சம் நீளம்.’
சிவப்பு நூல் அப்படியே இருந்தது.
பஜ்ஜியும் சொஜ்ஜியும் தின்றுவிட்டு
ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று
எழுந்துபோன நான்காவது வீடு.
எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் அலைந்த துணி,
ஒரு தெருவைக்கூடப் பார்த்ததில்லை.

மார்ச்சில் வரவில்லை.
ஏப்ரலிலும் இல்லை.
பெல்ட்டில் பச்சையாக எது வந்தாலும் கை நின்றது.
யாரோ உடுத்தியிருக்கலாம்,
முழங்கையில் மாவு ஒட்டியிருக்கலாம்,
துவைத்துத் துவைத்து நிறம்
படத்தைவிட்டு இன்னும் தூரம் போயிருக்கலாம்.
அல்லது இரவு ஷிஃப்டில் வேறொரு கை,
நாற்பது நொடி,
நீலக் கூண்டு.
கேட்டுப் பார்க்க ஆளில்லை.
வராமல் இருப்பதையே நல்ல சேதி என்று
வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால்
சமையல் மேசையில் ஒரு அட்டைப்பெட்டி.
மகள் மிலேனா ஒரே ஷூவை
மூன்று அளவில் வரவழைத்திருக்கிறாள்.
‘ரெண்டைத் திருப்பிடலாம்மா. இலவசம்தான்.’

யாகோதா கோட்டைக் கழற்றவில்லை.
நின்றபடியே ஒன்றை எடுத்துப்
பழக்கதோஷத்தில் முகர்ந்தாள்.
ரப்பர், பசை,
அடியில் லேசாக மகளின் கால்.
நாளைக்கோ மறுநாளோ
இந்த வாசம் பெல்ட்டில் வரும்.
முகம் தெரியாதவள் ஒருத்தியின் வாசமாக
நாற்பது நொடி
இவள் கையில் இருக்கும்.

‘எது சரியா இருக்கு?’
‘தெரியலைம்மா. நடந்து பாக்கலையே.’
‘நட.’
‘இங்கதான் இடமே இல்லையே.’
‘வெளிய போய் நட.’
‘மழை பெய்யுது. சேறு பட்டா
திருப்ப முடியாது.’

யாகோதா கதவைத் திறந்து
பிடித்துக்கொண்டு நின்றாள்.