ஒன்று புள்ளி இரண்டு

பாடாங் செராயில் மழை விட்ட ராத்திரி.
செம்பனை ஆலையின் ஆவி
சாலை விளக்கைக் கொஞ்சம் நெளிய வைக்கிறது.
பக்கத்து வீட்டுக்கு அது நாற்றம்.
எனக்கு அலைமுகப் பிழை.

மின்னுவதெல்லாம் காற்றின் வேலை.
நட்சத்திரம் பாவம், சும்மா இருக்கிறது.
நொடிக்கு ஆயிரம் தடவை
ஒரு கண்ணாடி தன் முதுகை வளைத்து
காற்று போட்ட கோணலுக்கு
எதிர்க்கோணல் போட்டால்
சிதறிய வெளிச்சம் ஒரு புள்ளியில் வந்து குந்தும்.
அந்தக் கண்ணாடி என் மேசையில் இல்லை.
அதற்குப் பின்னால் வருகிற பெட்டிதான் என் பாடு:
வெற்றிடம், திரவ நைட்ரஜன்,
ஏழு லென்ஸ், ஒரு குளிர்த்துளை.

அகச்சிவப்பில் இருட்டு என்று ஒன்று கிடையாது.
சூடுள்ளது எதுவும் ஒளிரும்.
குழாய் ஒளிரும், திருகாணி ஒளிரும்,
மேசையில் ஊன்றிய என் முழங்கை
நாங்கள் தேடுகிற விண்மீன் மண்டலத்தை விடப் பிரகாசம்.
அதனால்தான் பெட்டிக்கு அவ்வளவு குளிர்.
கேட்க வந்தவள்
முதலில் வாயை மூட வேண்டாமா?

மூன்று மணிக்குக் கூட்டம்.
சிலியில் அவர்களுக்கும் மூன்றுதான், வெயிலோடு.
மொத்தப் பிழை எண்பது நானோமீட்டர்;
அதைப் பங்கு போடுகிறோம்,
கூட்டுப் பணத்தை ஏலம் கேட்பது போல.
அதிர்வுக்கு முப்பது வேண்டும் என்றான் இத்தாலிக்காரன்.
அவசரக்காரிதான் குறைத்துக் கேட்பாள்.
எனக்கு இருபது போதும் என்றேன்.
சொன்ன பிறகு வயிற்றைக் கலக்கியது.

விடிந்ததும் கூலிம் பட்டறையிலிருந்து ரம்லி:
"சாலா லா, காக்.
இன்வார் சட்டத்தில் தட்டு உட்காரவில்லை.
கடைசித் துளை ஒன்று புள்ளி இரண்டு தள்ளி இருக்கு.
வேற தட்டு வெட்டவா?"

வேண்டாம் ரம்லி.
தப்பாக இல்லை, தப்பாகப் போட்டிருக்கிறேன்.
முந்நூறு மில்லிமீட்டர் அலுமினியம்
பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறில்
ஒன்று புள்ளி இரண்டை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
சட்டம் அசையாது.
அங்கே போய்த்தான் பொருந்தும்.

பின்னால் பட்டறை விசிறி மட்டும் கேட்டது.
"அப்ப அது பொருந்துறதை நான் பார்க்க முடியாதா?"
முடியாது.
"நீங்க?"
மூடிய பெட்டி, ரம்லி. யாராலும் முடியாது.

ரசீதில் என்ன எழுத என்று கேட்டார்.
வரைபடப்படி என்று எழுதச் சொன்னேன்.
எழுதிவிட்டு, எழுத்துக் கூட்டி
ஒரு முறை வாசித்தும் காட்டினார்.

ஏழு மணிக்கு ஒட்டுக்கடையில் பசியாறப் போனேன்.
மேலே மேகம்.
பதினோரு மாதமாய் இந்தப் பெட்டியோடு இருக்கிறேன்,
இந்த ஊரில் ஒரு நட்சத்திரத்தை
முழுசாகப் பார்த்த நினைவில்லை.
கோப்பி கொதித்தது.
ஆறட்டும் என்று தள்ளி வைத்தேன்.
தகரக் குவளை
யாருக்கும் தெரியாமல்
கொஞ்சம் சின்னதாகிக்கொண்டிருந்தது.