அட்டையைச் செருகவும்

பிரிந்து போகும்போது பைனிர்
காப்பி இயந்திரத்தை எடுத்துக்கொண்டான்.
நியாயம், அவன் வாங்கியது.
தூண்டில்கள், இரண்டு கம்பளிச் சட்டை,
அப்புறம், ஒரு வார்த்தை சொல்லாமல்,
என் காரின் திரைக்குக் கீழிருந்த பொந்திலிருந்து
வரைபட அட்டையை.

கட்டைவிரல் நகமளவு.
இந்த ஒரு காருக்கென்றே பூட்டியது.
வேறெதில் செருகினாலும் வாய் திறக்காது என்று
கையேட்டில் நூற்றுப் பதினெட்டாம் பக்கம் சொல்கிறது.
அவன் கையேடு படிக்கிற ஆள் இல்லை.

அன்றிலிருந்து சாவி திருப்பும் ஒவ்வொரு காலையும்
சாம்பல் திரையில் அதே வரி:
வரைபடம் இல்லை. அட்டையைச் செருகவும்.
வானொலி பாடும். ஹீட்டர் ஊதும்.
பின்பக்கக் கேமரா யார் வீட்டு ஆட்டையாவது காட்டும்.
எல்லாம் இருக்கும். இடம் மட்டும் இருக்காது.

அக்கா சிரித்தாள்:
ஃபரோ தீவில் எவளுக்கடி வரைபடம்?
இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் கடல்,
நடுவில் போனால் ஊர் வந்துவிட்டுப் போகிறது.
கைபேசி வேறு வைத்திருக்கிறாய்.

உண்மைதான்.
வீடு வீடாய்ப் போய் மாத்திரை எடுத்து வைத்து
இறுக்கக் காலுறை மாட்டிவிடுகிற வேலை எனக்கு.
எந்தக் காற்றுக்கு எந்தக் கதவு மல்லுக்கட்டும் என்பதுவரை அத்துப்படி.

இருந்தும் வரவழைத்தேன்.
டென்மார்க்கிலிருந்து, ஆயிரத்து முந்நூறு குரோனர்.
உறைக்குள் அட்டையைவிட ரசீது பெரிதாயிருந்தது.

ஸ்ட்ரெண்டூர் படகுத்துறையில் நிறுத்தி
நகத்தால் தள்ளினேன். டிக்.
நிறுவப்படுகிறது. இயந்திரத்தை அணைக்க வேண்டாம்.
நான்கு சதவீதம்.
மழை.
பதினொன்று.
பெர்க்தோராவைக் கூப்பிட்டு, தாமதமாகும் என்றேன்.
என்ன பழுது என்றாள். பழுதில்லை,
கார் யோசிக்கிறது என்றேன்.
முப்பத்தேழில் நெடுநேரம் நின்றது.
நாற்பது நிமிடம் எங்கும் போகாமல் பெட்ரோல் எரித்தேன்,
வாழ்நாளில் முதல்முறை.

பிறகு திரை பச்சையானது, நீலமானது.
தீவுகள் ஒவ்வொன்றாய் முளைத்தன.
கரையோரம் ஒரு சின்ன அம்பு, நான்.

ஒன்றை எனக்கு யாரும் சொல்லவில்லை:
சாலைகள்தாம் அட்டையில் இருப்பவை,
ஞாபகம் காரிலேயே இருக்கிறது.
'வீடு' என்ற பொத்தானைத் தொட்டதும்
அது பளிச்சென்று காட்டியது
ரூனவீக்கில் அவன் வாசலை.

அழிக்கவா என்று கேட்டது.
ஆம், இல்லை.
வேலைக்கு நேரமாகிவிட்டது.

சுரங்கத்தில் இறங்கினேன்.
கடலுக்கு அடியில் ஒரு வட்டச் சந்தி,
மூன்று வாய்:
ஒன்று தோர்ஷவ்னுக்கு, வேலைக்கு.
ஒன்று நான் வந்த வழி.
மூன்றாவதை அந்த டேனிஷ் குரல்
ஊர்ப்பெயரை மென்று துப்பியபடி சொல்லிக்கொண்டே இருந்தது:
இரண்டாவது வெளியேற்றத்தில் செல்லவும்.
பாறைக்குள் செயற்கைக்கோள் எட்டாது.
சக்கரம் உருள்வதை எண்ணி எண்ணி
குத்துமதிப்பாக நகர்கிறது அம்பு.
நான் ஒருமுறை சுற்றினேன்.
இன்னொரு முறை.
பின்னால் வந்த மீன் லாரி ஒலியெழுப்பியது.
தோர்ஷவ்னுக்குத் திரும்பினேன்.

ஒன்பது நாள் கழித்துத் தபாலில் பழைய அட்டை வந்தது,
பிளாஸ்டிக் உறையில், ஒட்டுத்தாளுடன்:
என் காரில் வேலை செய்யவில்லை.
அவ்வளவுதான். கையெழுத்துக்கூட இல்லை.

இரண்டு அட்டை, ஒரு பொந்து.
ஞாயிறு மாலை பழையதைச் செருகிப் பார்த்தேன்.
அது சுரங்கம் தோண்டுவதற்கு முந்தைய அட்டை,
அதன் கணக்கில் இங்கே சாலையே கிடையாது.
இறங்க இறங்கத் திரை முழுக்க நீலம்,
கரை நழுவியது, ஊர்ப்பெயர்கள் நழுவின,
குரல் ஒன்றும் சொல்லவில்லை.
அம்பு மட்டும் நீந்திக்கொண்டிருந்தது
மணிக்கு எழுபது கிலோமீட்டரில்,
கெண்டைக்குஞ்சு மாதிரி.