இருபது தெத்ரி

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் காசு கேட்கும்.
திபிலிசியின் பழைய அடுக்குகளில் இது வழக்கம்.
உள்ளே ஒரு தகரப் பெட்டி.
இருபது தெத்ரி விழுந்தால்தான்
பொத்தானுக்கு உயிர் வரும்.
இறங்குவதற்குக் காசில்லை.
இறங்குவதற்கு எங்கேதான் காசு கேட்டார்கள்?

நான் எட்டாம் மாடி.
இரவுப் பணி முடித்து
மருந்துக்கடை வாடையோடு
காலை ஒன்பதுக்கு வருவேன்.
பின்னால் வாசற்கதவு கிரீச்சிடும்,
லாமாராவின் உருளைக்கிழங்குப் பை தரையில் உரசும்,
"கொஞ்சம் நில்" என்று சொல்ல
அவள் மூச்சைச் சேர்ப்பதற்குள்
பொத்தானை அழுத்தியிருப்பேன்.
காதில் விழாத மாதிரி நடிக்க
கைபேசி நல்ல துணை.
கதவு மூடிய பிறகும்
அதையே பார்த்துக்கொண்டு போவேன்,
யாருமில்லாத கூண்டுக்குள்.

இதைச் சுயநலம் என்று நான் சொன்னதில்லை.
களைப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

நவம்பரில் ஒரு காலை
பெட்டியின் மேல் ஒரு நாணயம்.
யாரோ மறந்தது என்று எடுத்துப் போட்டேன்,
மேலே போனேன்.
மறுநாளும் இருந்தது,
அதே இடத்தில், ஓரத்தை ஒட்டாமல்,
உருண்டுவிடக் கூடாதே என்று
பார்த்துப் பார்த்து வைத்த மாதிரி.
மறந்தவர் அப்படி வைக்கமாட்டார்.
தெரிந்தது.
தெரிந்துதான் எடுத்தேன்.

பதினோரு நாள்.
கூட்டிப் பார்த்தால் ஒரு நல்ல காப்பிக்குக்கூடக் காணாது.
என் காசு என் பையில்
கிலுகிலுத்துக்கொண்டே வந்தது தினமும்.

பன்னிரண்டாம் நாள்
மாற்று ஆள் வராமல் மதியமாகிவிட்டது.
லிஃப்ட் மேலேயே நின்றிருந்தது.
யாரோ சோபா ஏற்றுகிறார்கள்,
கதவுக்குக் கட்டை கொடுத்துவிட்டு.
அடுத்தவனைப் பற்றி நினைப்பே இல்லாத ஜனங்கள்
என்று வாய்விட்டுத் திட்டியபடி
படியேறினேன்.

நான்காம் மாடித் திருப்பத்தில்
ஆறாம் மாடிக் குராம்
படியில் உட்கார்ந்திருந்தார்,
தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு.
"வா ஸாஸா" என்றார்.
ஸாஸா அவர் மகன். வெளிநாட்டில் இருக்கிறான்.
நான் திருத்தவில்லை.

"சியூரி வேலைக்குப் போகும்போது
பெட்டிமேல் காசு வைப்பாள்.
என் பையில் போட்டால்
புறாவுக்குக் கோதுமை வாங்கிவிடுவேனாம்."
சிரித்தார். இருமினார்.
"இப்போதெல்லாம் இருப்பதில்லை.
யாருக்கோ என்னைவிட முடை."

முழங்கையைப் பிடித்து எழுப்பினேன்.
இரண்டு மாடி.
படிக்கு ஒரு தடவை என் பை கிலுங்கியது.
"சில்லறை வைத்திருக்கிறாயே,
பத்திரம், ஸாஸா" என்றார்,
"இந்தக் கட்டடத்தில் தொலைந்துபோகிறது."

சொல்லியிருக்கலாம்.
ஆறாம் மாடி வந்துவிட்டது.

இப்போது சியூரி வைத்ததன் பக்கத்தில்
நானும் ஒன்று வைக்கிறேன்.
மாலை வேலைக்கு இறங்கும்போது
சில நாள் இரண்டும் போயிருக்கும்.
சில நாள் இரண்டும் அப்படியே இருக்கும்.
அன்று குராம் லிஃப்ட் இருப்பதையே மறந்து
படியேறியிருப்பார்.

போன வாரம் சியூரியோடு ஒன்றாக இறங்கினேன்.
"யாரோ கூட ஒரு காசு வைக்கிறார்கள்,
நல்ல மனசு" என்றாள்.
நான் கைபேசியைப் பார்த்தேன்.
திரை அணைந்திருந்தது.

திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான்.
இன்று காலையும் வாசற்கதவு கிரீச்சிட்டது,
பை உரசியது,
விரல் முந்திக்கொண்டது.
பிறகுதான் காலை நீட்டினேன்.
கதவு கணுக்காலைக் கடித்துவிட்டுத் திறந்தது.
லாமாரா ஏறினாள்,
கிழங்கின் ஈரமண் வாசனையோடு.
என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.
நான் காசு போட்டேன்.
மூன்றாம் மாடி வரை
இருவரும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.