நீடாமங்கலம் கேட்டில் முதலிடம்

உரக்கடை மாடியில் எனக்கு ராத்திரி வேலை.
கீழே யூரியா, துத்தநாக சல்பேட் மூட்டைகள்,
மேலே நாற்பத்திரண்டு போன்.
விதைநெல் பாக்கெட் அடுக்கியிருந்த ரேக்கில்
வரிசையாய்ச் சாய்த்து நிறுத்தியிருக்கிறோம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சிம், ஒரு பெயர், ஒரு பிறந்த தேதி.
பதினோராம் நம்பர்
திண்டுக்கல்லில் பி.காம். படிக்கும் பெண்.
இருபத்தாறு, ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர்.
எல்லோருக்கும்
ஒரே பாட்டுதான் பிடிக்கும்.

"சத்தம் கீழே வரக்கூடாது" என்றார் இதயத்துல்லா அண்ணன்,
"சத்தத்தை அணைக்கவும் கூடாது, கணக்குல ஏறாது."
அதற்கும் அவரே வழி சொன்னார்:
பழைய இயர்போன்களின் முனையை மட்டும் வெட்டி
ஒவ்வொரு போனிலும் செருகிவிட்டோம்.
பாட்டு அந்த முனைவரைக்கும் வந்து
அங்கேயே செத்துப்போகும்.

முப்பது நொடிக்கு முன்னால் தாவக்கூடாது.
ஒன்றையே ஓட்டினாலும் சந்தேகம் வரும்.
நடுவில் ஒரு முருகன் பாட்டு, ஒரு மீன்குழம்பு,
மறுபடி அதே பாட்டு.

ஒன்பது மணிக்குச் சென்னையிலிருந்து போன் வரும்.
அன்றைக்கு, "பதினேழு."
வீட்டுக்குப் போனால் அப்பாவும் பதினேழு என்கிறார்.
கொள்முதல் நிலையத்தில்
பத்தொன்பது காட்டித் திருப்பியனுப்பிய நெல்லை
மூன்று நாளாய் மன்னார்குடி ரோட்டில் கொட்டி
காலால் கிளறிக் கிளறி
ஈரப்பதத்தை இறக்கியிருக்கிறார்.
நான் மேற்கொண்டு இறக்கவேண்டும்.
பதினேழு ஒன்பதானது. ஒன்பது நாலு.
எண் இறங்கினால் பாட்டு ஏறுகிறது என்று அர்த்தம்,
இதை அப்பாவுக்குப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும், அல்லது போன் ஓடும்.
ஃபேனை நிறுத்தினேன்.
சூட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் அணைந்தார்.
ஈரத்துணியால் துடைத்து எழுப்பினேன்.
மறுநாள் நாலு, ஆறாகிவிட்டிருந்தது.

பாட்டை நான் கேட்டதே இல்லை.
ஐம்பத்திரண்டாம் நொடியில் மஞ்சள் குடை.
ஒன்று இருபதில் மழை, ஆனால் தரை நனையாது.
அவள் உதடு குவியும் இடத்தில்
"போ" என்கிறாளா "போதும்" என்கிறாளா,
பதினாறு ராத்திரியாய் முடிவுக்கு வரமுடியவில்லை.
டேபிள் ஃபேன் கழுத்துத் திரும்பும்போது
டக்கென்று ஒரு தட்டு தட்டும்.
அதைத் தாளமாய் வைத்து
நானே ஒரு மெட்டுப் போட்டிருந்தேன்.
கொஞ்சம் மெதுவான மெட்டு.

திங்கட்கிழமை முதலிடம்.
அண்ணன் அசோகா அல்வா கால் கிலோ வாங்கி வந்தார்,
வாழையிலைத் துண்டில்
எனக்கும் காவலுக்கு இருக்கும் வேதையனுக்கும்.

விடிந்து வீட்டுக்குப் போகையில் கேட் போட்டிருந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸ், அசையாமல்.
கும்பகோணம் பஸ், இரண்டு டிராக்டர், ஒரு பால் வண்டி,
எல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்க
பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பாட்டு.
வேர்க்கடலை விற்கிற பையன்
பொட்டலம் மடித்துக்கொண்டே கூடவே முனகினான்.
நல்லாயிருந்தது.
ஸ்கூட்டரில் இருந்த அக்காவிடம் கேட்டேன்:
"என்ன பாட்டுக்கா இது?"
ஏற இறங்கப் பார்த்தாள்.
"எந்த ஊரு நீ? இதுதானே இப்ப முதல்ல இருக்கு."

நொடிகளை எண்ணினேன்.
ஐம்பத்திரண்டில் குடை விரிந்திருக்க வேண்டும்.
என்னுடைய மெட்டு இல்லை அது, பக்கத்தில்கூட வராது.
அவள் "போதும்" என்கிறாள்.
பையன் அந்த "போதும்"மை இழுத்தான்,
பாட்டில் இல்லாத அளவுக்கு இழுத்தான்,
அவனிடம் போனே இல்லை.

ராத்திரி போனபோது
அடுத்த பாட்டுக்கு லிங்க் வந்திருந்தது,
இருநூற்றுச் சொச்சத்தில் கிடக்கிறதாம்.
நாற்பத்தொரு போனில் மாற்றினேன்.
பதினோராம் நம்பரில்
வெட்டு முனையைப் பிடுங்கி
சத்தத்தை ஒரு கோடு ஏற்றி வைத்தேன்.
திண்டுக்கல் பெண்
ஒருதடவையாவது கேட்கட்டும்.