பொடி வைத்து ஊதுகிறவன்

சிவதாபுரத்தில் கொலுசுக்குப் பற்றவைக்கிற வேலை.
வளையத்தின் வாயில் பொடி வைத்து
குழலால் தீயை வளைத்து ஊத வேண்டும்.
மூச்சை விற்றுத்தான் சோறு என்று
வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன்,
இருமல் வரும்வரை.

இருமலுக்கு அலர்ஜி என்று பெயர் வைத்தேன்.
பட்டறையில் அலர்ஜி. மாமனார் வீட்டில் அலர்ஜி.
கோகிலாவுக்குத் தெரியும்.
சளி டப்பாவை நீட்டிய ரெஜினா சிஸ்டருக்குத் தெரியும்.
ஆறு மாதம், தினமும், வெறும் வயிற்றில்.
முதல் நாள் சிறுநீர் காவி நிறத்தில் போனதும்
பதறிப்போய்ப் போன் செய்தேன்.
"மாத்திரையோட சாயம் சித்தேஸ்வரா, ரத்தமில்லே"
என்று சிரித்தார்.

மூன்றாம் மாதம் கொரோனா.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு நிம்மதி.
இது வாய்விட்டுச் சொல்லக்கூடிய வியாதி.
தாசில்தாருக்கு வருகிறது,
நகைக்கடை முதலாளிக்கு வருகிறது.
தெருவுக்கே கேட்கும்படி இருமினேன்.
வாசலில் தகரம் அடித்த பையன்
"சீக்கிரம் வந்துடுவீங்கண்ணா" என்றான்.
போன மாதம், வெறும் அலர்ஜிக்கு,
என் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்தவன் அவன்.

பெரியாஸ்பத்திரியில் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
கவசத்துக்குள்ளிருந்து டாக்டர் கேட்டார்:
"கீழே பூரா புதுப் புகை.
மேலே இருக்கிற ஓட்டை எப்போதிலிருந்து?"
சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னேன்.
"அந்த மாத்திரையை ஒரு நாளும் விடாதே" என்றார்,
நானே அலறியதுபோல் அத்தனை சத்தமாக.

பக்கத்துக் கட்டில் சூசைநாதன்.
ஏற்காட்டுக்கு மேலே நாகலூர், ஜீப் டிரைவர்.
மூக்கில் ஆக்சிஜன், கட்டிலுக்கடியில் பாட்டில்,
பாட்டிலில் அதே காவி.
நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"எத்தனையாவது மாசம்?"
"மூணு."
"எனக்கு அஞ்சு முடியுது.
இருபது கொண்டை ஊசியில பதினேழாவதுன்னு வைங்க."
அதற்குமேல் பேச அவரிடம் காற்றில்லை.
கையை மட்டும் தூக்கி
கியர் மாற்றி ஒரு வளைவு எடுத்துக் காட்டினார்.

ராத்திரி அவர் விரலில் மாட்டியிருந்த கருவியில்
எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன.
மலையிறங்குகிற வண்டி என்று நினைத்துக்கொண்டேன்.
வேறு எப்படி நினைப்பது.

விடிந்தபோது கட்டிலில் புது விரிப்பு.
மேசை டப்பாவில் அவருடைய மாத்திரை அட்டை,
யாரும் எடுக்கவில்லை.
உடைக்காத குழிகளை எண்ணினேன், இருபத்தாறு.
"வேற வார்டுக்கு மாத்திட்டீங்களா?" என்று கேட்டேன்.
நர்ஸம்மா சலைன் பையைப் பார்த்தபடியே
"உங்க மாத்திரை போட்டீங்களா?" என்றார்.

பதினாலாம் நாள் கைதட்டி அனுப்பினார்கள்.
கபசுரப் பொட்டலம், ஒரு வேப்பங்கன்று.
வேன் ஜன்னலில் கஞ்சமலை கூடவே வந்தது.
வழியெல்லாம் போன்: "போயிடுச்சா?"
போயிடுச்சு, போயிடுச்சு, போயிடுச்சு.
மற்றதைக் கேட்க ஆளில்லை.
கேட்கும்படி நான் வைத்திருந்தால்தானே.

பழைய கூலி வாங்கப் பட்டறைக்குப் போனேன்.
துரைக்கண்ணு முதலாளி ரூபாயை எண்ணிக்கொண்டே
"அந்த அலர்ஜி இருமலும் இதோட போச்சா?" என்றார்.
எங்கள் தொழிலில் எல்லாம் பொடி வைத்துத்தான்,
பேச்சு உட்பட.
அன்றைக்குப் பொடி இல்லாமல் சொன்னேன்.
"அலர்ஜி இல்லீங்க, டி.பி.
இனி ஒட்டாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க.
இன்னும் எண்பத்திரண்டு நாள் மாத்திரை இருக்கு."

குழல்கள் ஒவ்வொன்றாக நின்றன.
நீட்டிய கை பாதியில் திரும்பி
பணத்தை மேசைமேல் வைத்தது.

எடுத்துக்கொண்டேன்.
அங்கேயே நின்று எண்ணினேன்.
சரியாக இருந்தது.